ஆறுக்கு ஒன்று

மாஸ்டர் இஞ்ச் டேப்பைத் தொட மாட்டார் என்பது அந்தக் கடைவீதிக்கே தெரிந்த சங்கதி. சட்டை தைக்க வந்தவரைத் தனக்கு இரண்டு எட்டு தள்ளி நிறுத்துவார். கையைத் தூக்கச் சொல்வார், திரும்பச் சொல்வார். சோடாபுட்டிக் கண்ணாடிக்குள் முட்டை முட்டையாய்ப் பெருத்திருக்கும் அந்த இரண்டு கண்களும் வந்தவரை உச்சி முதல் பாதம் வரை ஒரு தடவை மேயும். அவ்வளவுதான், அளவு முடிந்தது. ஒரு சீட்டில் நாலைந்து எண்களைக் கிறுக்கி, பின்னால் தொங்கும் திரைக்குள் நீட்டுவார்.

"பத்து நாள் கழிச்சு வாங்க. ட்ரயல் கிரயல் எல்லாம் நம்மகிட்ட கிடையாது."

பத்து நாள் கழித்து வந்தவர் போட்டுப் பார்ப்பார். தோளில் உட்கார வேண்டியது தோளில் உட்காரும், கழுத்தில் நிற்க வேண்டியது கழுத்தில் நிற்கும். வாயைப் பிளப்பார். மாஸ்டர் அதைக் கவனிக்காதவர் போல அடுத்த ஆளைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார்.

திரைக்குப் பின்னால் சீட்டை வாங்குகிற கை அவருடைய மனைவியின் கை. வெட்டுவது அவள் வேலை. பிறந்த வீட்டிலும் தையல்தான் என்பதால், கல்யாணமாகி வந்த முதல் வாரமே கத்தரியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். முதல் சீட்டில் மார்பு நாற்பத்தெட்டு என்று எழுதியிருந்தது. வெட்டி, ஊசி குத்தித் தூக்கிப் பிடித்தாள். திரை இடுக்கு வழியாக, சட்டைக்குச் சொந்தக்காரரைப் பார்த்தாள். அந்தச் சட்டைக்குள் அவரும் அவர் தம்பியும் சேர்ந்து குடியிருக்கலாம். சத்தம் காட்டாமல் நாற்பதுக்குக் குறுக்கினாள். அடுத்த சீட்டில் முப்பத்தாறு இருந்தது, ஆள் முப்பது. கை நீளம் இருபத்து நாலு என்றால் இருபது. பத்துச் சீட்டு பார்த்தபோது கணக்கு பிடிபட்டுவிட்டது. மாஸ்டர் எழுதுவதில் ஆறுக்கு ஒன்று கழிக்க வேண்டும். கழித்தால் கச்சிதம்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். புதுப்பெண், சொல்ல வாய் வரவில்லை. அடுத்த மாதம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அடுத்த மாதம் பார்த்து ஒரு நீதிபதி வந்து கோட்டைப் போட்டுக்கொண்டு, "என்ன மாஸ்டர், உமக்கு இருக்கறது கண்ணா, இல்ல வேற ஏதாவது மெஷினா?" என்று கேட்டுத் தொலைத்தார். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே வாரத்தில் பெயர்ப்பலகையை மாற்றி, 'கண் அளவு மட்டுமே' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார். பலகையே ஏறிவிட்ட பிறகு எதைச் சொல்வது? இருபத்தாறு வருஷம் அவள் கழித்துக்கொண்டே இருந்தாள்.

அவர் ஏன் கூட்டி எழுதுகிறார் என்று அவள் மண்டையைக் குடைந்துகொண்டதில்லை. மனுஷன் எதைத்தான் கூட்டிச் சொல்லவில்லை? மூன்று பேர் வந்து போனால் கடையில் கூட்டம் நெரிந்தது என்பார், தும்மினால் காய்ச்சல் என்பார். அளவையும் அப்படியே அடித்துவிடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

இந்த லட்சணத்தில்தான் ஐம்பத்திரண்டாவது வயதில் மாஸ்டருக்குக் கண்ணாடி மேல் வெறுப்பு வந்தது. மூக்கில் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருந்தது. குனிந்தால் நழுவியது. கழற்றினால் கிட்டத்தில் இருப்பதும் தெரியாது, எட்டத்தில் இருப்பதும் தெரியாது. கண் டாக்டர் ஒரு மணி நேரம் என்னென்னவோ மெஷினில் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்தார்.

"உங்க கண்ணு கொஞ்சம் குட்டை" என்றார். "முன்னாலேருந்து பின்னால வரைக்கும் இருக்க வேண்டிய நீளம் இல்ல. அதான் இவ்வளவு பவர்."

மாஸ்டரின் முகம் சுருங்கியது. "எவ்ளோ குட்டை?"

"மூணு மில்லிமீட்டர் இருக்கும்."

"மூணு மில்லிமீட்டரா? டாக்டர், அதையெல்லாம் நாங்க தையலுக்குள்ளயே விட்டுடுவோம்."

டாக்டர் சிரித்தார். இத்தனை பவருக்கு லேசர் சரிப்படாது என்றார். கண்ணுக்குள் பிறவியிலேயே இருக்கும் லென்ஸை எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைக்க வேண்டும். கண்புரைக்குச் செய்கிற அதே ஆபரேஷன்தான், இவருக்குப் புரை வருவதற்கு முன்பே செய்கிறோம். ஒரே ஒரு விஷயம். புது லென்ஸ் ஒரு தூரத்துக்குத்தான் தெளிவாக இருக்கும், மற்றதற்கு லேசாகக் கண்ணாடி வேண்டியிருக்கும். "உங்களுக்கு எந்த தூரம் முக்கியம்?"

"ரெண்டு எட்டு" என்றார் மாஸ்டர், யோசிக்காமல். "கஸ்டமர் நிக்கற தூரம்."

"படிக்கறதுக்குச் சின்னக் கண்ணாடி போடணுமே?"

"நான் எதுக்கு டாக்டர் படிக்கணும்? ஆளைப் பார்த்தா போதும்."

ஒரு வாரம் ஒரு கண், அடுத்த வாரம் இன்னொரு கண். சொட்டு மருந்து போடுவது அவள் வேலையாயிற்று. இரண்டாவது கண்ணின் மூடியை எடுத்த அன்று மாஸ்டர் அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாம் பளிச்சுனு இருக்கு. ஆனா ஏன் இப்படிச் சுருங்கிப்போச்சு? கதவு சின்னதா இருக்கு, கட்டில் சின்னதா இருக்கு." பிறகு அவளைப் பார்த்துத் திடுக்கிட்டார். "நீ என்ன பாதியா இளைச்சுட்ட? ரெண்டு வாரமா சாப்பிடறதே இல்லையா?"

இருபத்தாறு வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. அவளுக்கு மனது இளகிப்போய், இரண்டு நாள் ஒரு பிடி கூடவே சாப்பிட்டாள். 'எல்லாம் போகப் போகப் பழகிடும்' என்று டாக்டர் சொன்னதாக மாஸ்டர் சொன்னார். அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

ஒரு மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது, டாக்டர் வெளிநாட்டில் ஒரு மருத்துவ மாநாட்டில் பேசப் போவதாகவும் அதற்கு ஒரு கோட்டு வேண்டும் என்றும் பேச்சுவாக்கில் சொன்னார். மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"புதுக் கண்ணோட முதல் அளவு உங்களுக்குத்தான் டாக்டர். எந்திரிச்சு நில்லுங்க."

டாக்டர் எழுந்து நின்றார், திரும்பினார், கையையும் தூக்கினார். "நான் ஆபரேஷன் பண்ணின ஒருத்தர் டேப்பே இல்லாம தைச்ச கோட்டு இதுன்னு மேடையில சொல்லுவேன் மாஸ்டர்" என்றார். மாஸ்டர் பேருந்தில் வீடு வரும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

மறுநாள் சீட்டு திரைக்குள் வந்தது; அந்தக் கோட்டு முடியும்வரை வேறு யாருக்கும் அளவு எடுப்பதில்லை என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். மார்பு நாற்பத்திரண்டு. ஆறுக்கு ஒன்று என்றால் முப்பத்தைந்து. அவள் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். டாக்டர் இவ்வளவு ஒல்லியா? ஆனால் அவள் அவரைப் பார்த்ததெல்லாம் ஆஸ்பத்திரியின் தொளதொளத்த பச்சை அங்கியில்தான். அதைப் போட்டால் யாரும் பெரிய ஆளாகத்தான் தெரிவார்கள். கை தன்பாட்டுக்கு முப்பத்தைந்துக்கு வெட்டிவிட்டது.

டாக்டர் வந்தார். வலது கை கோட்டுக்குள் போயிற்று. இடது கை பாதி போயிற்று, அதற்கு மேல் போகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. முதுகுக்குப் பின்னால் இரண்டு கையும் மாட்டிக்கொண்டு, யாரோ பிடித்துக் கட்டிப்போட்ட ஆள் போல நின்றார். மாஸ்டர் பின்னாலிருந்து ஒரு இழு இழுத்தார். தோள் தையல் பர்ரென்று கிழிந்தது.

டாக்டரின் முகம்தான் முதலில் வெளுத்தது. கோட்டுக்காக அல்ல.

"மாஸ்டர், நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. லென்ஸ் பவரை இன்னொரு தடவை பார்த்துடலாம்."

மறுநாள் மறுபடியும் எல்லா மெஷினிலும் தாடையை வைத்தாயிற்று. மாஸ்டர் சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளை இரண்டு எட்டு தள்ளி நின்று கடைசி வரி வரைக்கும் வாசித்தார். டாக்டர் தலையைச் சொறிந்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. இதுக்கு மேல நான் என்ன செய்யறது?"

"எழுத்தை வாசிச்சு நான் என்ன பண்ணப்போறேன்?" என்றார் மாஸ்டர். "எனக்கு அளவு போயிடுச்சு டாக்டர். எல்லாத்தையும் சின்னதா பார்க்கறேன், சின்னதா எழுதறேன். இந்த லென்ஸை எடுத்துடுங்க. மறுபடி அந்தப் பழைய கண்ணாடியைப் போட்டுக்கற மாதிரி வேற ஒண்ணு வெச்சுடுங்க."

டாக்டர் முதலில் மறுத்தார். குட்டைக் கண், இரண்டாம் தடவை திறந்தால் உள்ளே எதுவும் கிழியலாம், பார்வையே போனாலும் போகும் என்று ஒளிக்காமல் சொன்னார். மாஸ்டர் கேட்கவில்லை. அளவு இல்லாத கண் இருந்தால் என்ன, போனால் என்ன என்றார். கடைசியில் டாக்டர் பெருமூச்சு விட்டு, வருகிற வியாழக்கிழமை என்று குறித்துக் கொடுத்தார்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள், முப்பத்தைந்துக்கு வெட்டியதை நினைத்துக்கொண்டே அந்தச் சீட்டை வாங்கி மடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும், சமையலறை வாசலில் நின்றுகொண்டு சும்மா கேட்பது போலக் கேட்டாள்.

"ஏங்க, இந்தக் கதவு என்ன உசரம் இருக்கும்?"

மாஸ்டர் விரக்தியாய் ஒரு பார்வை பார்த்தார். "ஆறே முக்கால் அடி. எனக்கு அப்படித்தான் தெரியுது. எட்டாத்தான் இருக்கணும்."

அவர் அந்தப் பக்கம் போனதும் டேப்பைப் போட்டுப் பார்த்தாள். ஆறே முக்கால். உறையில் கிடந்த பழைய சோடாபுட்டிக் கண்ணாடியை எடுத்து டேப்பின் மேல் பிடித்தாள். ஒவ்வொரு கோடும் வீங்கி எழுந்து வந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மனுஷன் கூட்டிச் சொன்னதே இல்லை. பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார், அந்தக் கண்ணாடி ஊரையே பெரிசாக்கிக் காட்டியிருக்கிறது. தைத்துப் போன துணி ஒன்றுகூடத் தப்பாகத் திரும்பி வராததால் அவருக்கு அது தெரியவே வழியில்லாமல் போய்விட்டது. இப்போது முதன்முதலாக அவர் சரியாக எழுதினார், அவள் அதிலும் கழித்துவிட்டாள்.

சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் எதை என்று சொல்வது? நீங்கள் எழுதிய ஒரு சீட்டுகூட, ஒரே ஒரு சீட்டுகூட, சரியில்லை என்றா? அந்தக் கண் அளவு ஒன்றை வைத்துத்தானே மனுஷன் நடமாடிக்கொண்டிருக்கிறார்! பிடுங்கினால் விழுந்துவிடுவாரே என்று பயந்தாள். சொல்லாவிட்டால் வியாழக்கிழமை கண் போகும்.

செவ்வாய்க்கிழமை காலை, டீயைக் கையில் கொடுத்துவிட்டு, ஒரு சின்னப் பொய்யை எடுத்துவிட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, அந்தக் கோட்டு என் தப்புங்க. நாப்பத்திரண்டை முப்பத்தஞ்சுனு வாசிச்சுட்டேன்."

மாஸ்டரின் சின்னக் கண்களில் நீர் கட்டியது. "என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றியா? வேணாம்மா. உன் கையைப் பத்தி எனக்குத் தெரியாதா? எழுதினதை எழுதினபடி வெட்டும். அதைத் தவிர அதுக்கு வேற ஒண்ணும் தெரியாது."

கடைசி வார்த்தைதான் அவளைச் சுட்டது. உட்கார்ந்தாள். முதல் சட்டையிலிருந்து ஆரம்பித்தாள். ஆறுக்கு ஒன்று, நீதிபதியின் கோட்டு, பெயர்ப்பலகை, கதவு, கண்ணாடி, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் டீயைத் தொடவில்லை. ஆடை கட்டிவிட்டது.

மாஸ்டர் டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"அப்ப இருபத்தாறு வருஷமா நான் எழுதினதை நீ மதிச்சதே இல்ல."

"மதிக்காம இல்லைங்க..."

"இரு. ஊர் பூரா ஆளுங்களுக்கு இறுக்கி இறுக்கித் தைச்சுக் குடுத்திருக்க. மூச்சு முட்டியிருக்கும், பாவம். என் முகத்துக்காக ஒருத்தரும் வாயைத் திறக்கல. நல்ல மனுஷங்க!"

"இறுக்கமா இருந்தா திரும்பத் திரும்ப வருவாங்களாங்க?"

"அதான் சொல்றேனே, மரியாதை." மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. "இப்பதான் விஷயம் புரியுது. கண்ணு அன்னிக்கும் சரி, இன்னிக்கும் சரி. தப்பு கத்தரியில. போகட்டும் விடு. தெரியாம பண்ணிட்ட. மன்னிச்சுட்டேன்."

கண்ணாடி பெரிசாக்கிக் காட்டியதைப் பற்றி மறுபடி எடுத்தாள். அதெல்லாம் பார்க்கத் தெரியாதவர்களுக்கு என்று சொல்லிவிட்டு டாக்டருக்குப் போன் போட்டார். "டாக்டர், வியாழக்கிழமை வேணாம். கண்ணு பத்திரமா இருக்கு. கட்டிங்ல மிஸ்டேக்!" டாக்டர் அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பு அடுப்படி வரைக்கும் கேட்டது. பிழைத்தோம் என்று இருந்திருக்கும். மேற்கொண்டு அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கண் தப்பியது. அதில் அவளுக்கு நிம்மதிதான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பின்னாலேயே ஒரு கோபம் வந்தது பாருங்கள், அப்படி ஒரு கோபம் அவளுக்கு ஜன்மத்தில் வந்ததில்லை. உடைந்துவிடும் உடைந்துவிடும் என்று இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்தாளே, அந்தப் பெருமையைச் சுத்தியலால் அடித்தாலும் ஒரு கீறல் விழாது போலிருக்கிறது. முதல் மாதமே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மாஸ்டர் புதுத் துணியோடு அதே சீட்டை மறுபடி நீட்டினார். "நாப்பத்திரண்டு. இந்தத் தடவையாவது எழுதினதை எழுதினபடி வெட்டு."

அவள் கிழிந்த கோட்டை மேஜையில் விரித்துப் போட்டு, எங்கே இழுத்தது, எங்கே கிழிந்தது என்று தடவிப் பார்த்தாள். அன்று திரை இடுக்கு வழியாகப் பார்த்த, டாக்டர் மாட்டிக்கொண்டு நின்ற கோலத்தை யோசித்தாள். பிறகு கத்தரியை எடுத்தாள்.

டாக்டர் கோட்டை வாங்க வந்தார். இரண்டு கையும் வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. பொத்தான் போட்டார். கையைத் தூக்கினார், இறக்கினார், கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார்.

"மாஸ்டர், என்ன கண்ணு சார் உங்களுக்கு!"

"நீங்க வெச்சது டாக்டர். என்ன கை உங்களுக்கு!"

"நான் வெச்சது லென்ஸ்தான். அளவு உங்களது."

இரண்டு பேரும் இப்படி மாறி மாறிப் பாராட்டிக்கொள்வதைத் திரையை ஒதுக்கிக்கொண்டு அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டருக்கு அவள் மேல் இரக்கம் பொங்கிவிட்டது.

"பாவம் டாக்டர், இவளுக்கும் வயசாகுது. போன தடவை பார்த்தீங்களே, எப்படி வெட்டி வெச்சானு. கண்ணுல ஏதோ கோளாறு இருக்கணும். இவளுக்கும் ஒரு லென்ஸ் வெச்சுடலாமா?"

டாக்டர் நல்ல மனநிலையில் இருந்தார். சட்டைப் பையிலிருந்து பேனா டார்ச்சை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார். "இப்படி வெளிச்சத்துக்கு வாங்கம்மா. நிமிர்ந்து பாருங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"டாக்டர், உங்க மார்பு நாப்பத்தொண்ணே கால். வலது தோள் அரை இஞ்ச் இறங்கியிருக்கு, குனிஞ்சு குனிஞ்சு வேலை பார்க்கறதால இருக்கும். இவர் எழுதினது நாப்பத்திரண்டு. தோளைப் பத்தி எழுதவே இல்ல. நான் எழுதினபடி வெட்டல."

டார்ச் அணைந்தது. டாக்டர் தன் வலது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சும்மா சொல்றா டாக்டர்" என்றார் மாஸ்டர்.

"அளந்துதான் பார்த்துடுவோமே" என்று டாக்டர் கோட்டைக் கழற்றினார். மேஜையில் கிடந்த டேப்பை எடுத்து மாஸ்டர் கையில் கொடுத்தார். மாஸ்டர் தலைமாடு கால்மாடு தெரியாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒருவழியாக டாக்டரின் மார்பைச் சுற்றிப் பிடித்துவிட்டு எண்ணைப் பார்க்கக் குனிந்தார். தெரியவில்லை. தலையைப் பின்னால் இழுத்தார். அப்போதும் தெரியவில்லை. அவர் கேட்டு வாங்கியது இரண்டு எட்டு தூரத்துக் கண். டாக்டர்தான் குனிந்து வாசித்தார்.

"நாப்பத்தொண்ணு. மேல ஒரு கால்."

மாஸ்டர் டேப்பைக் கீழே வைக்கவில்லை. கையிலேயே சுருட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"எப்ப அளந்த?"

"அளக்கல" என்றாள் அவள். "பார்த்தேன்."

அடுத்த கஸ்டமர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே வந்து, வழக்கம்போல இரண்டு எட்டு தள்ளி நின்று கையைத் தூக்கினார். மாஸ்டர் அவரைப் பார்க்கவில்லை. சீட்டுக் கட்டை எடுத்து மனைவியிடம் நீட்டிவிட்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.